இளம் ஹாக்கி வீரர் கையேடு: ஆளைப் பற்றி நன்றாகச் சொல்கிறது, அணியில் இடம் இருக்கிறதா என்று சொல்லவில்லை

இரண்டு சீசனாக நான் சந்தா கட்டிப் படித்து வரும் ஒரு சேவையைப் பற்றி எழுதுகிறேன். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் அணிகள் டிராஃப்டில் (வருஷாவருஷம் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுத்து வைத்திருக்கும் இளம் வீரர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரைப் பற்றியும் அரைப் பக்கம் எழுதி, இந்த சீசனே அணிக்குள் வருவாரா, இன்னும் இரண்டு வருஷம் ஆகுமா, வரவே மாட்டாரா என்று ஒரு கணிப்பும் போடுகிறார்கள். கோடையில் பெரிய பிடிஎஃப் கையேடு ஒன்று வரும், சீசன் முழுக்க இணையதளத்தில் புதுப்பிப்பார்கள், போனுக்கு அலர்ட்டும் உண்டு. குறைகளும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி சேவை எதை வாங்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

நான் வாங்கியதற்குக் காரணம் அக்கா மகன். பதினைந்து வயது, டிஃபென்ஸ் ஆடுகிறான், அவன் அணியில் இருக்கிற மற்ற பையன்களைவிட ஒரு சாண் குட்டை. "மாமா, என் உயரத்துல யாராவது மேல போயிருக்காங்களா?" என்று ஒரு நாள் கேட்டான். சும்மா ஆறுதலாக ஏதாவது சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. சரி, விஷயம் தெரிந்தவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்றுதான் காசு கட்டினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. ஆட்டத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், புள்ளிப் பட்டியலைப் பார்த்து எழுதவில்லை. ஒரு விங்கரைப் (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டு) பற்றி இரண்டாவது பத்தியில் ஒரு வரி இருந்தது: தன் பக்கத்தில், ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையோரமாக வரும் பக்கை (ஆடுகிற ரப்பர் வட்டு) வாங்கப் போகும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்று. ஜூனியர் லீகில் கோல் மேல் கோல் அடித்த பையன். செப்டம்பரில் ஒரு பயிற்சி ஆட்டத்துக்குப் போயிருந்தேன், அவனும் ஆடினான். இரண்டாவது பீரியடில் பக் பலகையை ஒட்டிச் சுற்றி வருகிறது, அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், எதிரணி டிஃபென்ஸ்காரர் நீலக்கோட்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்க்கவே இல்லை. இடித்த இடியில் பக் போய்விட்டது. இரண்டு ஷிஃப்ட் (ஒரு தடவை ஐஸில் இறங்கி ஆடும் நேரம்) கழித்து அச்சு அசலாக அதே இடத்தில் அதே தவறு, இந்தத் தடவை நேராக வலைக்கு முன்னால் ஷாட். கோல்கீப்பர் காப்பாற்றிவிட்டார். ஆனால் மூன்றாவது பீரியடில் அந்தப் பையன் பெஞ்சின் ஓரத்தில் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கோச் அவன் பக்கமே வரவில்லை. கையேட்டில் படித்திருக்காவிட்டால் 'ஏன் இவனை இறக்கவில்லை' என்று நானும் பக்கத்து சீட்காரர் மாதிரிக் கத்தியிருப்பேன். பக்கைப் பத்திரமாகத் தன் எல்லையிலிருந்து வெளியே கொண்டுபோகத் தெரியாத பத்தொன்பது வயதுப் பையனை எந்த கோச்சும் நம்ப மாட்டார், அவன் எத்தனை கோல் அடித்திருந்தாலும் சரி. இந்த ஒரு விஷயத்தைக் கண்ணுக்குக் காட்டியதற்காகவே நான் கட்டிய காசு வீண் இல்லை என்பேன்.

கணிப்புக்கு வரும்போதுதான் எனக்குச் சண்டை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நிறக்கட்டம் போட்டிருக்கிறார்கள். பச்சை என்றால் இந்த வருஷமே தயார். முதல் வருஷம் பச்சை போட்டிருந்த பெயர்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அக்டோபர் வரை பார்த்தேன். பெரும்பாலானவர்கள் சீசனுக்கு முந்தைய பயிற்சி கேம்ப் முடிவதற்குள் கீழே, சின்ன லீகுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மோசமாக ஆடியதால் இல்லை, அவர்களில் சிலர் கேம்ப்பில் பிரமாதமாக ஆடினார்கள். உட்கார நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். லீகில் 32 அணி. ஒரு அணியின் பட்டியலில் அதிகபட்சம் 23 பேர், அதில் ஒரு ஆட்டத்துக்கு இறங்குவது 20 பேர், அந்த இருபதிலும் இரண்டு பேர் கோல்கீப்பர்கள். மொத்த லீகுக்கும் சேர்த்து 736 இடம். டிராஃப்டில் வருஷத்துக்கு ஏழு சுற்று, 224 பேரை எடுக்கிறார்கள். அந்த 736 இடத்தில் பெரும்பாலானவற்றில் ஏற்கனவே ஒப்பந்தம் போட்ட ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பலருக்கு இன்னும் நாலைந்து வருஷம் பாக்கி. கேம்ப் தொடங்கும் நாளில் ஒரு நல்ல அணியில் உண்மையிலேயே காலியாக இருப்பது ஒன்றோ இரண்டோதான், அதுவும் நாலாவது லைனில் (கடைசி ஃபார்வர்டு வரிசை) பெனால்டி கில் ஆடுகிற, அதாவது ஆள் குறைவாக இருக்கும்போது தடுத்து ஆடுகிற, ஆளுக்கான இடமாக இருக்கலாம். பவர் பிளேயில் (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) மட்டும் மின்னுகிற பையனுக்கு அந்த இடத்தால் என்ன பிரயோஜனம்? பச்சைக் கட்டம் போடுவதற்கு முன்னால், அந்த அணியில் இடப்பக்க விங்கில் யார் இருக்கிறார், அவர் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று இரண்டு வரி எழுதியிருக்க வேண்டாமா? நூற்றுக்கணக்கான பக்கங்களில் அந்த இரண்டு வரி எங்குமே இல்லை.

வெய்வர் விதியைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது. இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. அனுபவம் உள்ள ஒருவரைக் கீழ் லீகுக்கு அனுப்ப வேண்டும் என்றால் அவரை முதலில் வெய்வரில் போட வேண்டும், மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரைச் சும்மா தூக்கிக்கொண்டு போகலாம். இளம் வீரர்களுக்கு ஒரு காலம் வரை இதிலிருந்து விலக்கு உண்டு. 18 வயதில் ஒப்பந்தம் போட்ட ஒரு ஃபார்வர்டுக்குப் பொதுவாக 5 வருஷம் அல்லது 160 ஆட்டம் வரை. பையனுக்குச் சலுகை மாதிரித் தோன்றும், ஆனால் கேம்ப்பின் கடைசி நாளில் அதுதான் அவனுக்கு எதிராகத் திரும்பும். இரண்டு பேரும் சமமாக ஆடினால் கீழே போவது எந்த ஆபத்தும் இல்லாமல் அனுப்பக்கூடியவன்தானே!

டெட்ராய்ட்டில் குஸ்டாவ் நைக்விஸ்ட்டுக்கு நடந்தது இதுதான். 2008ல் 121வது ஆளாக எடுக்கப்பட்டவர், 2013ல் டெட்ராய்ட்டின் கீழ் அணியான கிராண்ட் ராபிட்ஸோடு, என்எச்எல்லுக்கு அடுத்த படியான ஏஎச்எல் லீகின் கால்டர் கோப்பையை ஜெயித்தார், மேலே ஆடத் தயார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 2013-14 சீசனைக் கீழேதான் தொடங்கினார், ஏனென்றால் மேலே மூத்தவர்கள் நிரம்பியிருந்தார்கள், அவரை வெய்வர் இல்லாமல் அனுப்ப முடிந்தது. நவம்பரில் மேலே கூப்பிட்டார்கள், 57 ஆட்டத்தில் 28 கோல் அடித்தார். அக்டோபரில் இல்லாத திறமை நவம்பரில் வந்துவிடவில்லை.

இன்னொரு விதி, வயசு சம்பந்தப்பட்டது. கனடாவின் பெரிய ஜூனியர் லீகுகளிலிருந்து வரும் பையன் இருபது வயதுக்குக் கீழே என்றால், அவனை என்எச்எல்லில் வைத்துக்கொள்ள வேண்டும் அல்லது ஜூனியருக்கே திருப்பி அனுப்ப வேண்டும், நடுவில் ஏஎச்எல் என்ற படி கிடையாது என்பதுதான் பல வருஷமாக நடைமுறை. 19 வயதினரில் அணிக்கு ஒருவரை மட்டும் ஏஎச்எல்லுக்கு அனுப்ப வழி விடுவது பற்றி 2025ல் லீகும் வீரர் சங்கமும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், நல்ல விஷயம். இதோடு 9 ஆட்டக் கணக்கும் சேரும்: 18, 19 வயதில் ஒப்பந்தம் போட்டவன் ஒரு சீசனில் 10 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அவனுடைய மூன்று வருஷ ஒப்பந்தம் ஒரு வருஷம் தள்ளிப் போகும். அதனால்தான் ஒன்பது ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். மலிவான ஒப்பந்தத்தில் ஒரு வருஷத்தை வீணாக்க எந்த அணிக்கும் மனசு வராது.

நடுவில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கு ஷேன் ரைட்டைப் பார்க்கலாம். 2022ல் சியாட்டில் நாலாவதாக எடுத்த பையன். அந்த 2022-23 சீசனில் மட்டும் சியாட்டிலில் 8 ஆட்டம், உட்கார வைத்தே இருந்ததால் பயிற்சிக்கென்று கொஞ்ச நாள் ஏஎச்எல், அப்புறம் கனடாவுக்குக் கேப்டனாக உலக ஜூனியர் தங்கம், அப்புறம் ஜூனியர் லீக், அங்கேயும் கிங்ஸ்டனிலிருந்து விண்ட்சருக்கு மாற்றம், கடைசியில் மறுபடியும் ஏஎச்எல் பிளேஆஃப். ஒரே வருஷத்தில் எத்தனை கோச், எத்தனை அறைத் தோழர்கள், எத்தனை ஆட்ட முறை என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த சீசனைப் பெரும்பாலும் கீழேயே நிம்மதியாக ஆடினார், 2024-25ல் முழு சீசன் மேலே ஆடி 19 கோல் அடித்தார். அவசரப்பட்டு 'தேறாத கேஸ்' என்று சொன்னவர்களுக்கெல்லாம் அது பதில்.

இதே விதி இன்னொருவருக்குக் கதவைத் திறந்தும் விட்டது. வையட் ஜான்ஸ்டன், 2021ல் டாலஸ் எடுத்த 23வது ஆள். கனடாவின் ஜூனியர் லீகுகளில் ஒன்றான ஒன்டாரியோ லீகில் 124 புள்ளி (கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்து முதலிடம் பிடித்துவிட்டார், மறுபடி அங்கே அனுப்பினால் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, ஏஎச்எல்லுக்கு அனுப்பவும் வழியில்லை. சரி, மேலேயே இருக்கட்டும் என்று 19 வயதில் வைத்துக்கொண்டார்கள். 82 ஆட்டமும் ஆடி 24 கோல் அடித்தார். அந்தக் காலத்தில் அவர் தங்கியிருந்தது அதே அணியின் மூத்த வீரர் ஜோ பவெல்ஸ்கி வீட்டில், பவெல்ஸ்கியே 2003ல் 205வது ஆளாக எடுக்கப்பட்டவர். ஒரு பையன் நிலைத்து நிற்பதற்கு இந்த மாதிரி விஷயங்கள் எவ்வளவு உதவுகின்றன என்பதைப் பற்றி அந்தக் கையேடு ஒரு பக்கமாவது எழுதியிருந்தால் நான் கொண்டாடியிருப்பேன்.

கோல்கீப்பர்களை ஃபார்வர்டுகளோடு ஒரே பட்டியலில் கலந்து வரிசைப்படுத்துவது தவறு, இதைத் திட்டமாகச் சொல்கிறேன். அணிக்கு இரண்டு இடம், அதில் ஒருவர் மட்டுமே ஒரு நேரத்தில் ஆடுகிறார். டஸ்டின் வுல்ஃப் 2019ல் 214வது, அந்த டிராஃப்டில் மொத்தமே 217 பேர். ஏஎச்எல்லில் தொடர்ந்து இரண்டு சீசன் சிறந்த கோல்கீப்பர், 2023ல் அந்த லீகின் சிறந்த வீரரும் அவரே. அதற்கு அப்புறமும் கால்கரியில் நிரந்தர இடம் உடனே கிடைக்கவில்லை, காத்திருந்துதான் முதல் கோல்கீப்பர் ஆனார்.

சேவை என்ற அளவில் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அலர்ட் ரொம்பத் தாமதம், கேம்ப்பிலிருந்து யாரை அனுப்பினார்கள் என்பது அணியே அறிவித்து மறுநாள்தான் எனக்கு வந்தது. சந்தா தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிட்டது, முன்கூட்டியே ஒரு மெயில் கூட இல்லை, கேட்டு எழுதினால் பதில் வர இரண்டு வாரம். இரண்டாவது வருஷக் கையேட்டில் கல்லூரி ஹாக்கி பற்றிய பக்கத்தை அப்படியே பழையபடி விட்டிருந்தார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து கனடிய ஜூனியர் லீக் வீரர்களும் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடலாம் என்று ஆகி, பெரிதாகப் பேசப்பட்ட இளம் வீரர் கேவின் மெக்கென்னாவே மெடிசின் ஹாட் ஜூனியர் அணியிலிருந்து அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் பழைய விதியையே அச்சடித்தால் அதை நம்பி ஒரு குடும்பம் முடிவு எடுத்தால் என்ன ஆவது? என் அக்கா வீட்டில் இந்தப் பேச்சு நிஜமாகவே ஓடுகிறது, அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

சரி, மருமகனுக்கு என்ன பதில் கிடைத்தது? லேன் ஹட்சனின் பக்கம். ஐந்தடி ஒன்பது அங்குலம், 2022ல் மான்ட்ரியல் 62வதாக எடுத்த டிஃபென்ஸ்காரர், இரண்டு வருஷம் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு வந்து முதல் முழு சீசனிலேயே 66 புள்ளி, என்எச்எல்லின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் டிராஃபி. அவர் சுற்றி வளைத்து ஸ்கேட் செய்யும் விதத்தை, இடுப்பை முதலில் ஒரு பக்கம் காட்டிவிட்டு மறுபக்கம் போவதை, படிப்படியாக விளக்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அவன் அச்செடுத்து ஹாக்கி பைக்குள் வைத்திருக்கிறான். கூடவே நான் இன்னொன்றும் சொன்னேன்: ஹட்சன் வந்த நேரத்தில் மான்ட்ரியல் அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது, இளைஞர்களுக்கு நிமிஷங்கள் கொடுக்க அங்கே மனசும் இருந்தது, இடமும் இருந்தது. அது கையேட்டில் இல்லை.

யாருக்கு வாங்கச் சொல்வேன் என்றால், ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கும், விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கும், கோடைக் கையேட்டை மட்டும். கற்பனை அணி (ஃபேன்டசி) விளையாட்டுக்காக யார் உள்ளே வருவார் என்று தெரிந்துகொள்ள வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம், அதற்கு ஒப்பந்தப் பட்டியலும் காயப் பட்டியலும் பார்த்தாலே போதும். நான் அலர்ட்டை நிறுத்திவிட்டேன், தானாகப் புதுப்பிப்பதையும் நிறுத்திவிட்டேன். அடுத்த கையேட்டில் ஒவ்வொரு அணிக்கும் காலி இடம் பற்றி ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லி நீளமாக ஒரு மெயில் அனுப்பியிருக்கிறேன், சேர்த்தால் மறுபடி முழுச் சந்தா கட்டுவேன்.