வில்லியம்ஸா, ஸ்வார்த்மோரா, ரீடா: பேர் எங்க பெருசு, படிப்பு எங்க கறார்

அமெரிக்காவுல இருக்குற சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் (கலை, அறிவியல்னு பல துறையும் கலந்து இளநிலைப் படிப்பு சொல்லிக் குடுக்குற காலேஜ்) பத்திப் பேச்சு வந்தாலே எல்லாரும் முதல்ல ரேங்க் லிஸ்ட்டத்தான் எடுத்து வைக்கிறாங்க. மேல வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், அப்படியே கீழ இறங்கிப் போனா ரீட் எங்கயோ தூரத்துல இருக்கும், உடனே ரீட் சுமாரான காலேஜ்னு முடிவு கட்டிடுறாங்க. எனக்கு இதுல பெரிய ஆதங்கம் உண்டு. ஒரு காலேஜுக்கு ஊர்ல இருக்குற பேர் வேற, உள்ள போனதும் அந்தப் பசங்கள எவ்வளவு படிக்க வைக்கிறாங்க, எழுத வைக்கிறாங்க, எழுதினதுக்குப் பதில் சொல்ல வைக்கிறாங்கங்கிறது வேற. ரெண்டும் சில இடத்துல சேர்ந்து போகுது, சில இடத்துல சேர்றதே இல்ல.

தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. இந்தக் காலேஜ்கள்ல பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சத்துல இருந்து ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர் வரைக்கும்தான் படிப்பாங்க, பி.எச்.டி. ஸ்டூடண்ட்ஸ் அனேகமா இருக்கவே மாட்டாங்க, அதனால பெரிய யுனிவர்சிட்டில மாதிரி டீச்சிங் அசிஸ்டண்ட் தலையில பேப்பர் திருத்துறத கட்டிட்டு ப்ரொஃபசர் அவர் ஆராய்ச்சியப் பாக்கப் போற வழக்கம் இங்க செல்லாது, வகுப்பு எடுக்குறவரேதான் பேப்பரும் படிக்கணும். இது எல்லா காலேஜுக்கும் பொது. அதுக்கு மேல ஒவ்வொண்ணும் என்ன பண்ணுதுங்கிறதுலதான் வித்தியாசம்.

முதல்ல இந்தப் பேர் எங்கிருந்து வருதுன்னு பாத்துடுவோம். யு.எஸ். நியூஸ்ங்கிற பத்திரிகை வருஷா வருஷம் போடுற ரேங்க்ல அஞ்சுல ஒரு பங்கு மார்க், அதாவது 20 சதவீதம், மத்த காலேஜ்காரங்க என்ன நினைக்கிறாங்கங்கிறதுக்கு. மத்த காலேஜ்களோட பிரசிடெண்ட், ப்ரோவோஸ்ட் (படிப்பு விஷயத்தக் கவனிக்கிற தலைமை அதிகாரி), அட்மிஷன் டீன் இவங்ககிட்ட ஒரு பட்டியல் போகும், ஒவ்வொரு காலேஜுக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள மார்க் போடணும். மெய்ன்ல உக்காந்திருக்குற ஒரு டீனுக்கு மினசோட்டாவுல ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி எப்படி நடத்துறாங்கன்னு என்ன தெரியும்? போன வருஷ ரேங்க்தான் தெரியும். அப்ப ரேங்க் பேரை உண்டாக்குது, அந்தப் பேர் திரும்ப அடுத்த ரேங்க்க உண்டாக்குது.

இந்த விளையாட்டே வேணாம்னு 1995ல ரீட் காலேஜ் யு.எஸ். நியூஸுக்குத் தகவல் குடுக்குறத நிறுத்திடுச்சு. அடுத்த லிஸ்ட்லயே ரெண்டாவது கால்பகுதில இருந்து கடைசி கால்பகுதிக்குப் போயிடுச்சு. ஒரே வருஷத்துல அங்க பாடம் நடத்துன ப்ரொஃபசர் எல்லாம் மாறிட்டாங்களா, லைப்ரரி எரிஞ்சு போச்சா, ஒண்ணும் இல்ல. 2019ல ரீட் ஸ்டூடண்ட்ஸே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ப்ராஜெக்ட்டா கணக்குப் போட்டுப் பாத்தாங்க, லிஸ்ட்ல 90ஆவது இடம்னு போட்டிருந்த காலேஜ், அந்த ரேங்க்கோட சொந்த ஃபார்முலாப்படியே 38 பக்கம் வரணும்னு வந்துது.

சரி, மேல இருக்குற ரெண்டையும் முதல்ல பாப்போம். வில்லியம்ஸ் 1793ல மாசசூசெட்ஸோட வடமேற்கு மூலைல மலைக்கு நடுவுல ஆரம்பிச்சது. அந்த இடம் ரொம்ப ஒதுக்குப்புறம்னு சொல்லி அதோட பிரசிடெண்ட் ஸெஃபனாயா ஸ்விஃப்ட் மூர் 1821ல கொஞ்சம் ஸ்டூடண்ட்ஸையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பிப் போய் ஆம்ஹர்ஸ்ட்டோட முதல் பிரசிடெண்ட் ஆனார். பங்காளிச் சண்டை அன்னைக்கு ஆரம்பிச்சது இன்னைக்கு வரைக்கும் ஃபுட்பால் மேட்ச்ல நடந்துகிட்டு இருக்கு. பேர்ல ரெண்டும் சமம்னே வைக்கலாம், வால் ஸ்ட்ரீட் கம்பெனிகளும் கன்சல்ட்டிங் கம்பெனிகளும் தேடி வர்ற இடங்கள்.

படிப்புன்னு வந்தா ரெண்டும் எதிரெதிர் பாதை. ஆம்ஹர்ஸ்ட்ல ஓப்பன் கரிக்குலம், முதல் வருஷ செமினார் ஒண்ணு, எடுத்துக்கிட்ட மேஜருக்கான, அதாவது முக்கியத் துறைக்கான, பாடங்கள், அவ்வளவுதான் கட்டாயம். மேத்ஸ் பிடிக்காதவன் மேத்ஸ் தொடாமலே வெளிய வந்துடலாம், ஆனா ஆர்வம் உள்ள பொண்ணு ரெண்டு மேஜர் எடுத்து, பக்கத்துல ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் காலேஜ்கள்லயும் யூமாஸ் யுனிவர்சிட்டிலயும் போய்ப் பாடம் எடுத்து, கடைசி வருஷம் தீசிஸும் (நீளமான ஆராய்ச்சிக் கட்டுரை) எழுதி, வேற எங்கயும் கிடைக்காத படிப்பப் படிச்சுட்டு வரும். கறாரா இல்லையாங்கிறது காலேஜ் கையில இல்ல, படிக்கிறவங்க கையில இருக்கு. சுதந்திரம் குடுக்குறது தப்புன்னு நான் சொல்லல, ஆனா ஆம்ஹர்ஸ்ட்ல படிச்சேன்னு ஒருத்தர் சொன்னா அதை மட்டும் வச்சு அவர் எவ்வளவு பாடுபட்டுப் படிச்சார்னு கண்டுபிடிக்க முடியாது.

வில்லியம்ஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது டுடோரியல். 1988ல ஆக்ஸ்ஃபோர்டப் பாத்து ஆரம்பிச்சாங்க. ரெண்டே ரெண்டு ஸ்டூடண்ட், ஒரு ப்ரொஃபசர், வாரம் ஒரு மணி நேரம். ஒரு வாரம் ஒருத்தர் அஞ்சாறு பக்கம் கட்டுரை எழுதிக் கொண்டு வரணும், இன்னொருத்தர் அதுல எங்க ஓட்டை இருக்குன்னு முகத்துக்கு நேரா சொல்லணும், அடுத்த வாரம் இடம் மாறிக்கணும். ப்ரொஃபசர் அதிகம் பேசவே மாட்டார். கடைசி பெஞ்ச்ல ஒளிஞ்சுக்க வழியே இல்ல, படிக்காம போனா எதிர்ல உக்காந்திருக்குற உன் கிளாஸ்மேட்டுக்கே ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும். நேத்து ராத்திரி நல்லாத்தான் எழுதிருக்கோம்னு நினைச்ச வாதத்த இன்னொருத்தர் பிரிச்சுப் போடும்போது பேச்சு வராம உக்காந்திருந்து, அப்புறம் மெதுவா பதில் தேடக் கத்துக்குறதுதான் நிஜமான படிப்புன்னு நான் நம்புறேன். ஒரே குறை, இது கட்டாயம் கிடையாது. நிறைய பேர் ஒண்ணாவது எடுக்குறாங்க, எடுக்காமலும் டிகிரி வாங்கிட்டுப் போகலாம்.

இப்ப ஸ்வார்த்மோர். ஃபிலடெல்ஃபியா பக்கத்துல குவேக்கர்கள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க 1864ல ஆரம்பிச்ச காலேஜ். 1922ல அங்க பிரசிடெண்டா இருந்த ஃப்ராங்க் எய்டலாட், இவர் ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கி ஆக்ஸ்ஃபோர்ட் போய்ட்டு வந்தவர், எல்லாரையும் ஒரே வேகத்துல நடத்திக் கூட்டிட்டுப் போற அமெரிக்கக் காலேஜ் முறை நல்லாப் படிக்கிறவங்களுக்குப் பண்ற துரோகம்னு நினைச்சு ஆனர்ஸ் ப்ரோக்ராம் கொண்டு வந்தார். நூறு வருஷம் தாண்டியும் அது ஓடிக்கிட்டு இருக்கு. ஏழெட்டுப் பேர் இருக்குற செமினார், வாரத்துக்கு ஒரு தடவைதான், ஆனா உக்காந்தா மூணு நாலு மணி நேரம் போகும், நடுவுல யாராவது தின்பண்டம் கொண்டு வருவாங்க, ஸ்டூடண்ட்ஸ் எழுதின பேப்பர்தான் அன்னைக்குப் பேச்சுக்கே அடிப்படை.

முடிவுல நடக்குறதுதான் விசேஷம். மே மாசம் வேற யுனிவர்சிட்டிகள்ல இருந்து அந்தந்தத் துறை ஆளுங்க வருவாங்க, அவங்கதான் கேள்வித்தாள் போடுவாங்க, எழுத்துப் பரீட்சை முடிஞ்சதும் அவங்களே ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சு வாய்மொழியா கேள்வி கேப்பாங்க. ஆனர்ஸா, ஹை ஆனர்ஸா, ஹையஸ்ட் ஆனர்ஸாங்கிறத அவங்க சொல்றத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. நம்ம ஊர் லேப் ப்ராக்டிகலுக்கு எக்ஸ்டர்னல் வர்ற மாதிரின்னு வச்சுக்கங்க, ஆனா மரியாதைக்கு வந்துட்டுப் போற எக்ஸ்டர்னல் இல்ல, அந்தத் துறையில ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்குற ஆள். இதுல ஒரு பெரிய நன்மை என்னன்னா, சொல்லிக் குடுத்தவரே மார்க்கும் போடும்போது அவருக்குப் பிடிச்ச மாதிரி எழுதுற பழக்கம் வந்துடும், இங்க அந்த வழி அடைஞ்சு போகுது, ப்ரொஃபசரும் ஸ்டூடண்ட்டும் ஒரே பக்கம் நின்னு வெளியாளுக்கு முன்னாடி தயாராகுறாங்க. என்னைக் கேட்டா அமெரிக்க இளநிலைப் படிப்புல நம்பகமான அளவுகோல் இதுதான். முதல் செமஸ்டருக்கு எல்லாருக்கும் பாஸ், ஃபெயில் மட்டும்தான்ங்கிறதும் நல்ல ஏற்பாடு. ஆனா ஆனர்ஸ்ல எல்லாரும் சேர்றதில்ல, சேராதவங்க சாதாரணப் பாதைல போவாங்க, அதுவும் லேசுப்பட்டது இல்லங்கிறது வேற விஷயம்.

ரீட் அப்படி இல்ல. அங்க யாருக்கும் விலக்கு கிடையாது. ஆரெகன் மாநிலத்துல போர்ட்லாண்ட்ல இருக்கு, 1908ல தொடங்குனது. ஸ்டீவ் ஜாப்ஸ் பேர வச்சுத்தான் நம்மள்ல நிறைய பேருக்கு ரீட் தெரியும், அவர் ஒரு செமஸ்டர்லயே நின்னுட்டார், அதனால ரீட் படிப்பப் பத்தி அவர் கதைல தெரிஞ்சுக்க பெருசா ஒண்ணும் இல்ல. முதல் வருஷம் எல்லாருக்கும் ஹியூமானிட்டிஸ் 110 கட்டாயம், ஃபிசிக்ஸ் படிக்க வந்தவனும் படிச்சே ஆகணும். ரொம்பக் காலம் பழைய கிரீஸ், ரோம்னு இருந்தத ஸ்டூடண்ட்ஸ் போராட்டத்துக்கு அப்புறம் 2018ல மெக்சிகோ சிட்டி, நியூயார்க்கோட ஹார்லெம் எல்லாம் சேர்த்து மாத்துனாங்க. மூணாவது வருஷம் துறைல ஒரு தகுதித் தேர்வு, அது தாண்டினாத்தான் நாலாவது வருஷம். நாலாவது வருஷம் முழுக்க ஒரு தீசிஸ், முடிச்சதும் அத எதிர்த்து வர்ற கேள்விக்கெல்லாம் நேர்ல பதில் சொல்லணும், கேக்குறவங்கள்ல வேற துறை ப்ரொஃபசரும் இருப்பார். எல்லா தீசிஸும் பைண்ட் பண்ணி லைப்ரரில வச்சிருக்காங்க.

இதைவிட எனக்கு ஆச்சரியம் கிரேடு விஷயம். கிரேடு போடுவாங்க, ஆனா கேட்டாலொழியக் காட்ட மாட்டாங்க, ரொம்ப மோசமாப் போனா மட்டும் தகவல் வரும். பேப்பர் திரும்பி வரும்போது எழுத்து மார்க் இருக்காது, மார்ஜின் பூரா ப்ரொஃபசரோட குறிப்பு இருக்கும். 'ஏ' வாங்கிட்டோமா இல்லையான்னு பாத்துட்டுப் பேப்பரத் தூக்கிப் போடுற பழக்கம் இங்க செல்லாது, உக்காந்து குறிப்பப் படிச்சே ஆகணும். போடுற கிரேடும் கையிறுக்கம்தான். அந்தக் காலேஜ்ல 1968ல இருந்து ஒரு சின்ன நியூக்ளியர் ரியாக்டர் இருக்கு, அரசாங்க லைசென்ஸ் வாங்கி அத இயக்குறதும் பெரும்பாலும் இளநிலைப் பசங்கதான், அதுல இலக்கியம் படிக்கிறவங்களும் உண்டு.

ஸ்வார்த்மோரையும் ரீடையும் நேருக்கு நேர் வச்சா நான் இப்படிச் சொல்வேன். உயரத்துல ஸ்வார்த்மோர் ஆனர்ஸ் ஒரு படி மேல, வெளியாள் வந்து பாக்குறதால. பரவல்ல ரீட் மேல, ஒருத்தரையும் விடாததால. ஆனா ரீடுக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கு, அத மறைக்கக் கூடாது. ஸ்வார்த்மோர், வில்லியம்ஸ்ல சேர்றவங்கள்ல ஆறு வருஷத்துக்குள்ள 90 சதவீதத்துக்கு மேல டிகிரி முடிச்சுடுறாங்க, ரீட்ல அது ரொம்பக் காலமா 80 சதவீதத்த ஒட்டித்தான். பாடம் கஷ்டம்ங்கிறது மட்டும் காரணம் இல்ல, பணமும் துணையும் சேர்ந்த விஷயம் அது, வில்லியம்ஸோட எண்டோமெண்ட் (காலேஜ் முதலீடு பண்ணிச் சேர்த்து வச்சிருக்குற நிதி) பக்கத்துல ரீட் எண்டோமெண்ட் ரொம்பச் சின்னது. கறாரா இருக்குறது பெருமைன்னா, விழுறவனத் தாங்கிப் பிடிக்கவும் ஆள் வேணும்.

இதுக்கு ஹார்வி மட் ஒரு பாடம். கலிஃபோர்னியாவுல கிளேர்மாண்ட்ல 1955ல ஆரம்பிச்ச சயின்ஸ், இஞ்சினியரிங் காலேஜ், மொத்தமே சுமார் 900 பேர்தான், மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, கம்ப்யூட்டர், இஞ்சினியரிங் எல்லாமே எல்லாரும் படிக்கணும். 2017ல பாரம் தாங்க முடியலன்னு ஸ்டூடண்ட்ஸ் போராடி, ரெண்டு நாள் கிளாஸே நிறுத்த வேண்டி வந்துது. இன்னொரு பக்கம் வெல்லஸ்லிங்கிற பெண்கள் காலேஜ், 2004ல கீழ்நிலை, நடுநிலை வகுப்புகள்ல சராசரி கிரேடு 'பி ப்ளஸ்' தாண்டக் கூடாதுன்னு விதி போட்டாங்க. நடந்தது என்னன்னா, அந்த விதில அடிபட்ட துறைகள்ல சேர்ற ஆள் குறைஞ்சாங்க, ப்ரொஃபசர்களுக்கு ஸ்டூடண்ட்ஸ் குடுக்குற மதிப்பெண்ணும் குறைஞ்சுது, 2019ல விதிய எடுத்துட்டாங்க. மார்க்க இறுக்கினா படிப்பு இறுகிடும்னு நினைக்கிறது தப்புன்னு இதுலயே தெரியுது. எவ்வளவு எழுதுறாங்க, அத யார் படிக்கிறாங்கங்கிறதுதான் முக்கியம்.

கார்ல்டனும் கிரின்னலும் நடுவுல. கார்ல்டன்ல வருஷத்துக்கு மூணு டெர்ம், ஒவ்வொண்ணும் பத்தே வாரம், கடைசி வருஷம் எல்லாரும் காம்ப்ஸ்ங்கிற துறை சார்ந்த பெரிய ப்ராஜெக்ட்டோ பரீட்சையோ முடிக்கணும், பாடம் நடத்துற தரத்துக்கு அங்க நல்ல பேர். கிரின்னல் ஐயோவாவுல சோளக்காட்டுக்கு நடுவுல, இன்டெல் ஆரம்பிச்ச ராபர்ட் நாய்ஸ் படிச்ச இடம், அந்தப் பங்குல போட்ட பணத்தாலயும் வாரன் பஃபெட் ட்ரஸ்டியா இருந்ததாலயும் எண்டோமெண்ட் பெருசு. கெமிஸ்ட்ரி நோபல் வாங்குன தாமஸ் செக்கும் அங்க படிச்சவர்தான்.

பேர்னா யாருகிட்ட பேர்னு கேக்கணும். கம்பெனிக்காரங்ககிட்ட வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட். பி.எச்.டி.க்கு ஆள் எடுக்குற ப்ரொஃபசர்ககிட்டப் போனா வேற பேர் காதுல விழும். படிச்சு முடிச்சவங்கள்ல எத்தனை சதவீதம் பேர் பின்னாடி பி.எச்.டி. வாங்குறாங்கன்னு அமெரிக்க அரசாங்கப் புள்ளிவிவரத்த வச்சுப் பாத்தா ஹார்வி மட், ரீட், ஸ்வார்த்மோர், கார்ல்டன், கிரின்னல் எல்லாம் பெரிய பெரிய யுனிவர்சிட்டிகளத் தாண்டி முன்னாடி நிக்கும். 90ஆவது ரேங்க்னு சொன்ன அதே ரீட்தான்.

நம்ம பக்கத்துல இருந்து அப்ளை பண்றவங்களுக்குப் பணம்தான் முதல் கேள்வி. ஆம்ஹர்ஸ்ட்டும் மெய்ன்ல இருக்குற போடனும் வெளிநாட்டுப் பசங்களையும் வீட்டு வசதியப் பாக்காம சேர்த்து, தேவைப்படுறத முழுசாக் குடுக்குறாங்க. ரீட்லயும் ஸ்வார்த்மோர்லயும் உதவி கேக்குறது அட்மிஷன் முடிவப் பாதிக்கலாம். அதனால முதல்ல பணத்துக்கு எங்க வழி இருக்குன்னு பாருங்க, அதுக்குள்ள ரெண்டு மூணு காலேஜ் மிஞ்சினா, கடைசி வருஷப் படிப்பு எப்படி முடியுதுன்னு அந்தந்த காலேஜுக்கு எழுதிக் கேளுங்க: தீசிஸ் எல்லாருக்கும் கட்டாயமா, வாய்மொழித் தேர்வு உண்டா, உள்ள இருக்குறவங்களே கேக்குறாங்களா வெளிய இருந்து வர்றாங்களா, முதல் வருஷத்துல வாரத்துக்கு எத்தனை பக்கம் எழுதணும், அத யார் திருத்துறாங்கன்னு.