பித்தப்பை அறுவை சிகிச்சை: ஒரு மருத்துவமனை ஒப்புதல் வாங்கும் விதம்

என் அக்காவுக்குப் பித்தப்பைக் கற்களுக்காக லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும்) முறையில் அறுவை சிகிச்சை செய்த தனியார் மருத்துவமனை ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. சிகிச்சையிலும் பராமரிப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது, அங்கே நோயாளியிடம் ஒப்புதல் வாங்கும் முறையைப் பற்றி மட்டுமே.

அட்மிஷன் கவுண்டரில் காப்பீட்டுத் தாள்களோடு சேர்த்து, கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட ஒப்புதல் படிவத்தையும் நீட்டினார்கள், அதுவும் என்னிடம். சுயநினைவோடும் தெளிவோடும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் அக்கா. முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த ஒருவருக்காக உறவினர் ஒப்புதல் தர முடியாது. அதிகபட்சம் சாட்சியாகக் கையெழுத்திடலாம். படிவத்திலோ சிகிச்சையின் பெயர், அறுவை மருத்துவரின் பெயர், மயக்க மருந்தின் வகை ஆகிய மூன்று இடங்களும் காலியாக இருந்தன. காலி இடத்துக்குக் கீழே போடும் கையெழுத்து எதற்குச் சம்மதம் என்பதை யாரால் சொல்ல முடியும்?

அதைவிட உறுத்தியது, ‘தேவையெனக் கருதப்படும் வேறெந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்கிறேன்’ என்ற வரி. பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் ஒப்புதல் தந்திருந்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிய வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் அந்தச் சம்மதம் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, இந்த வரி படிவத்தில் இன்னமும் ஏன் இருக்கிறது என்பது புரியவில்லை.

படிவம் இப்படி என்றால், அன்று மாலை அறுவை மருத்துவர் பேசியது நேர்மாறாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிறு துளைகள் வழியாகப் பையை அகற்றப்போவதையும், உள்ளே ஒட்டுதலோ இரத்தப்போக்கோ இருந்தால் வயிற்றைத் திறந்து செய்ய நேரலாம் என்பதையும், அரிதாகப் பித்தநாளம் காயப்பட்டால் இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். இப்போதைக்குச் செய்யாமல் விட்டால் வலி திரும்பலாம், கணையம் வீங்கலாம் என்றும் சொன்னார். ‘கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடக் கூடாதா?’ என்று அக்கா கேட்டதற்கு, பை இருக்கும்வரை கல் மறுபடியும் உருவாகும் வாய்ப்பு அதிகம் என்பதைப் படம் வரைந்து விளக்கினார். அக்காவின் வேலையில் பாரம் தூக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், துளையிட்ட இடத்தில் குடலிறக்கம் வரும் வாய்ப்பைத் தனியாக எடுத்துப் பேசினார். பொதுவான அபாயங்களை ஒப்பித்தால் போதாது, அந்த நோயாளிக்கு எது முக்கியமாகப் படுமோ அதையும் சொல்ல வேண்டும் என்று 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கடைசியில், ‘நாளைக்கு என்ன செய்யப்போகிறோம், நீங்களே சொல்லுங்கள்’ என்றார். ‘ஓட்டை வழியா முடியலன்னா வயித்தைத் திறப்பீங்க, அதானே?’ என்றார் அக்கா. ஒப்புதல் உண்மையில் பிறந்தது அந்த இடத்தில்தான். கையெழுத்து அதற்கான பதிவு மட்டுமே.

மறுநாள் காலை, தூக்கம் வரவழைக்கும் மருந்து கொடுக்கும் முன்பே, காலி இடங்களை நிரப்பிய படிவத்தைச் செவிலியர் கொண்டுவந்தார். மருந்தின் மந்தத்தில் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பதால் இந்த வரிசை முக்கியமானது. அதே தாளில், சிகிச்சையைப் படம்பிடித்து மாணவர்களுக்குக் காட்ட அனுமதி கேட்கும் வரியும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் தனிக் கையெழுத்து கேட்டிருக்க வேண்டும். அக்கா அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். செவிலியர் முகம் சுளிக்கவில்லை. கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வாசகம் படிவத்தில் எங்கும் இல்லை. நகலையும் கேட்டபிறகே தந்தார்கள்.

மருத்துவரின் உரையாடலுக்கு ஐந்துக்கு ஐந்து, படிவத்துக்கு ஒன்று. அங்கே செல்பவர்கள், மருத்துவரிடம் பேசிய பிறகு கையெழுத்திடுவதாகக் கவுண்டரில் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னபோது மறுக்காமல் தாளை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.