மலிவு ஓபிடி ஸ்கேனரும் த்ராட்டில் கோளாறும்: சில வருட அனுபவம்

காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பழுதுகளைப் படித்துக் காட்டும், ப்ளூடூத்தில் போனோடு இணையும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். காரோடு பேசும் இஎல்எம்327 என்ற சிப்பின் நகல் உள்ளே இருக்கும் மலிவு ரகம்தான். போட்ட காசுக்குப் பலன் கிடைத்தது காரின் எலக்ட்ரானிக் த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு) தகராறு செய்தபோது.

போகும் வழியில் திடீரென்று செக் எஞ்சின் விளக்கு எரியும், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகும், ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஸ்கேனரில் வந்த பழுதுக் கோடு (code) பி2135. த்ராட்டில் பாடிக்குள் (தட்டும் அதைத் திருப்பும் மோட்டாரும் அடங்கிய பாகம்) இருக்கிற இரண்டு பொசிஷன் சென்சார்களின் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இந்த வகை வண்டிகளில் ஆக்சிலரேட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் கிடையாது, அதனால் எஞ்சின் கம்ப்யூட்டரான இசியுவுக்குச் சந்தேகம் வந்தாலே மோட்டாரைக் கைவிட்டுவிடும், ஸ்பிரிங் அந்தத் தட்டை லேசாகத் திறந்த நிலையில் நிறுத்தும். ஊர்ந்தாவது வீடு வந்து சேர்வது அதனால்தான்.

ஒர்க்‌ஷாப்பில் கோடைப் பார்த்த கையோடு “த்ராட்டில் பாடியை மாத்தணும் சார்” என்றார்கள். கோடு காட்டுவது சர்க்யூட்டைத்தான். பழுது சென்சாரிலா, வயரிலா, கனெக்டரிலா என்று அது சொல்லாது. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓடவிடாமல், மிதியை மெதுவாக அழுத்தியபடி லைவ் டேட்டாவை, அதாவது சென்சார்கள் அந்தந்த நேரத்தில் தரும் அளவுகளைப் பார்த்தேன். என் காரில் ஒரு சென்சார் ஏற ஏற மற்றது இறங்கும், இரண்டின் வோல்ட்டேஜையும் கூட்டினால் 5 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும் (எல்லாக் காரிலும் இப்படி இல்லை, சிலதில் இரண்டுமே ஏறும்). ஆப் சதவீதமாகத்தான் காட்டியது, அதுவும் மெதுவாக. கண நேரம் விழுந்து எழும் சிக்னல் இதில் தப்பிவிடும், இந்த ஸ்கேனரில் எனக்குப் பெரிய குறை இதுதான். அப்புறம் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு வயரை ஆட்டிப் பார்த்ததில் ஒரு சென்சாரின் வோல்ட்டேஜ் சட்டென்று விழுந்தது. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே ஒரு பின் (pin) பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுத்தம் செய்து பின்னை இறுக்கியதோடு சரி, அந்தக் கோடு திரும்ப வரவில்லை.

பி2138 வந்தால் மிதியில் இருக்கிற சென்சார்களைப் பாருங்கள். அதற்கும் த்ராட்டில் பாடியை மாற்றச் சொல்லும் ஆட்கள் உண்டு.

ஸ்கேனரைச் செருகியே வைத்தால் பேட்டரியைத் தின்னும், நான் கழற்றி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவிடுவேன். த்ராட்டில் பாடியில் கரி துடைத்த பிறகு ஐடில் (மிதியை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறியபடியே இருந்தது, ரீலேர்ன் செய்ய, அதாவது தட்டின் நிலையை இசியுவுக்கு மறுபடி கற்றுக்கொடுக்க இந்த ஸ்கேனருக்கு வக்கில்லை, ஒர்க்‌ஷாப் ஸ்கேனரில்தான் செய்துகொண்டேன். துடைக்கும்போது சாவி கட்டாயம் ஆஃபில் இருக்கட்டும், மோட்டார் தட்டை இழுத்தால் விரல் நசுங்கும்.

கோடு படிக்கவும் லைவ் டேட்டா பார்க்கவும் இது போதும், தாராளமாக வாங்கலாம். கூடவே ஒரு மல்டிமீட்டரும் வாங்கிவிடுங்கள்.