கோடை வாசிப்பு: பள்ளிப் பட்டியலா, நூலகமா, செல்போனா?

போன ஏப்ரல் கடைசியில் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். ஐந்து புத்தகம் படிக்கணும். ஒவ்வொன்றுக்கும் கதைச்சுருக்கம், பிடித்த கதாபாத்திரம், கற்ற நீதி என்று நோட்டில் எழுதணும். பள்ளி திறப்பதற்கு முந்தைய ராத்திரி நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இரண்டு புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. நோட்டுக்கு மட்டும் 'வெரி குட்' கிடைத்தது.

பட்டியலே வீண் என்று சொல்லவில்லை. என்ன வாங்குவது என்று திகைக்கும் பெற்றோருக்கு அது ஒரு பிடிமானம். ஆனால் ஐந்தையும் காசு கொடுத்து வாங்கணும், அதுவும் நாற்பது பிள்ளைக்கும் ஒரே ஐந்து.

அமெரிக்காவின் புளோரிடாவில் வாசிப்பு ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலிங்டன் குழுவினர் நேரெதிராகச் செய்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைப் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப்போய், பிடித்த 12 புத்தகங்களை அவர்களையே எடுக்கச் சொன்னார்கள். இலவசம். மூன்று கோடைகள் இப்படியே. புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட இவர்கள் வாசிப்புத் தேர்வில் முந்தினார்கள். 2010இல் முடிவு வெளியானது. பிள்ளைகள் அள்ளியதில் பாப் பாடகிகளின் வாழ்க்கைக் கதைகளும் உண்டு. நம் ஊர் டீச்சர் பார்த்திருந்தால் நெற்றியைச் சுருக்கியிருப்பார்!

நமக்கு அந்த 12 புத்தகத்தை யார் தருவது? பக்கத்துத் தெருக் கிளை நூலகம்தான். உறுப்பினராகக் கட்டும் முன்பணம் சொற்பம். வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள், அன்று விடுமுறை. சில கிளைகளில் சிறுவர் அலமாரியில் பழைய நீதிக்கதைகளே தூசியோடு இருக்கும், அது உண்மைதான். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே சிறுவர் பிரிவில் ஏ.சி.யும் உண்டு. மே மாதத்தில் பிள்ளையைக் கிளப்ப அதுவே போதும்.

மூன்றாவது வழி செல்போன்: பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளம். 2015இல் தொடங்கியது, செலவில்லை. தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாகக் கிடைக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சின்னவனுக்கு இதைவிடத் தோதானது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே தொல்லை, நான்கு பக்கம் புரட்டியதும் விரல் யூடியூபுக்குத் தாவிவிடும். அதனால் கதையை இறக்கி, இணையத்தை அணைத்துவிட்டுத்தான் கையில் கொடுக்கிறேன்.

இந்த வருடம் பெரியவளுக்கு நூலகம், சின்னவனுக்கு ஸ்டோரிவீவர். பள்ளித் தாளும் வரும், தெரியும். 'ஐந்தையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும், எழுதுவதற்குப் பதில் வகுப்பில் ஒரு கதை சொல்லட்டும்' என்று வகுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.