கணுக்கால் எலும்புக் கட்டி: வேலூருக்கு வருமுன் லீவுக் கணக்கு

கணுக்காலுக்கு மேலே டிபியாவின் (முன்னங்கால் எலும்பு) அடிமுனையில் ஜெயன்ட் செல் கட்டி (ஜிசிடி) என்ற எலும்புக் கட்டி இருப்பதாக ஸ்கேனில் வந்துவிட்டால், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மூன்று வார லீவோடு வந்து இறங்குகிறார்கள். போதாது, ஆறு வாரமாவது வேண்டும். ஆபரேஷன் சில மணி நேர வேலைதான். நாளைத் தின்பது பயாப்ஸி ரிப்போர்ட்டும் தையல் ஆறுவதும்.

வேலூர் சிஎம்சி என்றால் அப்பாயின்ட்மென்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். லாட்ஜில் ஏசியைவிட லிஃப்டும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் முக்கியம். அறையிலேயே சமைக்க விடும் லாட்ஜுகளும் உண்டு. வங்காளத்திலிருந்து வருபவர்களால் பிழைக்கும் தெருக்கள் அவை.

எம்ஆர்ஐ ஃபிலிம் மட்டும் போதாது, சிடியும் வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டிலேயே பயாப்ஸி (கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பது) எடுத்திருந்தால், ஸ்லைடையும் அந்தத் துணுக்கைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். எடுக்கவில்லையா, அவசரப்பட்டு எங்கும் எடுக்காதீர்கள். ஊசி போன தடம் சர்ஜன் பிறகு கீறும் கோட்டிலேயே இருக்க வேண்டும்.

எலும்பில் திறக்கும் ஜன்னல் சின்னதாக இருந்தால் மூலையில் கட்டி தங்கிவிடும். மீண்டும் வளர்வதற்கு முக்கியக் காரணம் அதுதான். அதனால் அகலமாகத் திறந்து, சுரண்டி, பர் மெஷினால் (சுழலும் அரம்) குழியின் சுவரைத் தேய்த்து, மிச்சக் கட்டியைக் கொல்லப் பலர் பீனால் என்ற ரசாயனமும் போட்டு, குழியை எலும்புச் சிமெண்டால் நிரப்புகிறார்கள். சிமெண்ட் இறுகும்போது சூடாகும். மூட்டுக் குருத்தெலும்புக்குப் பக்கத்தில் குழி வந்துவிட்டால், இடுப்பெலும்புத் துகளை முதலில் ஓர் அடுக்கு வைத்து, அதன் மேல்தான் சிமெண்ட். சுவர் மெலிந்திருந்தால் உலோகப் பிளேட்டும் சேரும்.

கணுக்காலில் தோலுக்கு அடியில் சதையே இல்லை. வீங்கினால் தையல் பிரியும். பார்க்க வரும் சொந்தங்களுக்காகக் காலைத் தொங்கப்போட்டு உட்காராதீர்கள். நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துப் படுத்தபடியே பேசுங்கள்.

இரவில் வலித்து, ஐபுபுரூஃபன் வலி மாத்திரையில் அடங்கும் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சின்ன எலும்புக் கட்டி என்றால் கதை வேறு. சிடி பார்த்து ஊசி செருகி, சுமார் 90 டிகிரியில் சில நிமிடம் சுட்டுவிடுவார்கள். சின்ன லீவே போதும்.

கிளம்புமுன் பிளேட்டின் ஸ்டிக்கர் விவரம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா பாருங்கள். விமானத்தில் போகலாம் என்று டாக்டர் தரும் ஃபிட் டு ஃப்ளை கடிதத்தோடு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து வேண்டுமா என்றும் கேளுங்கள். மாவுக்கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகவில்லையென்றால், அதை நீளவாக்கில் பிளந்தால்தான் பல ஏர்லைன்கள் ஏற்றும். ஜிசிடி புற்றுநோய் அல்லாத சாதுக் கட்டிதான், ஆனாலும் அபூர்வமாக நுரையீரலுக்குப் போகும். முதல் இரண்டு வருடம் கணுக்கால் எக்ஸ்ரேயோடு நெஞ்சு எக்ஸ்ரேயும் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து வேலூருக்கு அனுப்புங்கள்; சிமெண்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு அகலமானால் கட்டி மீண்டும் வளர்கிறதோ என்று சந்தேகம், அடுத்த டிக்கெட் போட வேண்டியதுதான்.