கட்சி மாறிய கணக்கு: ஆர்டிஎக்ஸ் 5070-ஐ விட்டு ஆர்எக்ஸ் 9070 வாங்கிய கதை

2017-ஆம் ஆண்டு 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1060 வாங்கிய நாளிலிருந்து, கிராபிக்ஸ் கார்டு பற்றி யார் கேட்டாலும் என்விடியா என்றே சொல்லி வந்திருக்கிறேன். அதற்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. அந்தக் கார்டு எட்டு ஆண்டுகள் ஒரு நாளும் முரண்டு பிடிக்காமல் உழைத்தது, அவ்வளவுதான். 2025-இன் நடுவில் புதிய கார்டு வாங்க, சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனபோதும் என் மனத்தில் இருந்தது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 மட்டுமே. அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பி, இரண்டு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் போய் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 வேண்டும் என்றேன். "என்ன சார், கட்சி மாறிட்டீங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார். இத்தனைக்கும் என் கணினியின் ப்ராசஸர் முன்பிருந்தே ஏஎம்டிதான். அதை வாங்கியபோது எனக்கு எந்த மனச்சங்கடமும் ஏற்படவில்லை. கிராபிக்ஸ் கார்டு என்று வந்தால் மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் வருகிறது என்பது எனக்கே விளங்காத ஒன்று.

எல்லோரும் பேசும் விஷயங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இரண்டு கார்டுகளும் 2025 மார்ச்சில் வெளிவந்தன. அமெரிக்காவில் இரண்டுக்கும் அறிவிக்கப்பட்ட விலை 549 டாலர். நம் ஊரில் 18 சதவீத ஜிஎஸ்டியும் இறக்குமதியாளரின் லாபமும் சேர்ந்து விலை கூடினாலும், நான் விசாரித்த நாள்களில் இரண்டுக்கும் இடையே முடிவை மாற்றும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. 1440 பிக்சல் திரையில் சாதாரண முறையில் ஆடும்போது 9070 சற்று முன்னே நிற்கிறது. ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ரே டிரேசிங்கை மிதமாக வைத்தால் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஒளியை முழுவதுமாகக் கணக்கிடும் பாத் டிரேசிங் முறைக்குப் போனால் 5070 தெளிவாக முந்திவிடும். மின்சாரத்தில் 5070-க்கு 250 வாட், 9070-க்கு 220 வாட் என்பது நிறுவனங்கள் தரும் கணக்கு. நாளுக்கு மூன்று மணி நேரம் ஆடினாலும் இரண்டு மாத பில்லில் ஐந்தரை யூனிட்டைத் தாண்டாத இந்த 30 வாட் வித்தியாசம், 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளைத் தவிர வேறு யாரையும் பாதிக்காது. என்னிடம் இருந்த 650 வாட் பவர் சப்ளை இரண்டுக்குமே போதும்.

என் முடிவைத் தீர்மானித்தது, விளையாட்டின் சித்திரங்களைத் தாங்கும் கார்டின் நினைவகம். 5070-இல் இருப்பது 12 ஜிபி, 9070-இல் இருப்பது 16 ஜிபி. இந்த வித்தியாசத்தைப் பின்னாளில் சரிசெய்ய வழியே கிடையாது. கணினியின் ராம் போதவில்லை என்றால் இன்னொரு குச்சி வாங்கிச் செருகலாம். வன்தட்டு நிறைந்தால் மாற்றிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டின் நினைவகச் சில்லுகளோ பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை. 5070-இன் நினைவகப் பாதை 192 பிட் அகலம் கொண்டது. ஒவ்வொரு சில்லுக்கும் 32 பிட் வீதம் ஆறு சில்லுகள், சில்லுக்கு 2 ஜிபி என்றால் 12 ஜிபி. 9070-இன் பாதை 256 பிட் என்பதால் எட்டுச் சில்லுகள், 16 ஜிபி.

என்விடியா தரப்புக்கு இங்கே ஒரு நியாயமான பதில் உண்டு. 5070-இல் இருப்பது புதிய ஜிடிடிஆர்7 வகை நினைவகம். அளவில் குறைந்தாலும் நொடிக்கு 672 ஜிபி வேகத்தில் தரவைக் கொடுக்கிறது. 9070-இல் இருக்கும் ஜிடிடிஆர்6 ஏறத்தாழ 640 ஜிபிதான் கொடுக்கிறது. ஆனால் இந்த வேகமெல்லாம் தரவு கார்டுக்குள் அடங்கும் வரையில்தான். 12 ஜிபி நிறைந்து வழிந்தால், மிஞ்சிய தரவு கணினியின் ராமில் போய் உட்கார்ந்துகொண்டு, தேவைப்படும்போதெல்லாம் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக வந்துபோக வேண்டியிருக்கும். என்னுடையது பி450 வகைப் பழைய மதர்போர்டு. அதில் உள்ள மூன்றாம் தலைமுறைப் பாதையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி, அதாவது கார்டின் சொந்த நினைவகத்தைவிட நாற்பது மடங்கு மெதுவானது. ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின், அதாவது ஃப்ரேம்களின், சராசரி எண்ணிக்கை இந்தத் தடங்கலைப் பெரும்பாலும் காட்டாது. திரும்பிப் பார்க்கும் கணத்தில் திரை ஒரு நொடி உறைவதும், சுவரின் சித்திரம் மங்கலாக வந்து மெல்லத் தெளிவதும்தான் காட்டும். ஐந்தாம் தலைமுறை மதர்போர்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தண்டனை குறைவு. பழைய மதர்போர்டை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுகிற என் போன்றவர்களுக்கே நினைவகத்தின் அளவு கூடுதலாக முக்கியமாகிறது.

இன்றைக்கு 12 ஜிபி போதாதா என்றால், 1440 திரைக்குப் பெரும்பாலான விளையாட்டுகளில் போதும் என்பதே நேர்மையான பதில். என் கவலை 2030-ஐப் பற்றியது. அந்தக் கவலைக்கு ஆதாரமாக என்னிடம் இருப்பது என் பழைய கார்டின் சரித்திரம். 2016-இல் 1060 இரண்டு வடிவங்களில் வந்தது. 6 ஜிபி வடிவத்தின் அமெரிக்க விலை 249 டாலர். 3 ஜிபி வடிவம் 199 டாலர், அதில் கணக்கிடும் கருக்களும் கொஞ்சம் குறைவு. வெளிவந்தபோது இரண்டுக்கும் இடையே ஓட்டத்தில் பெரிய தூரம் இல்லை, 1080 திரைக்கு 3 ஜிபி போதும் என்று சொன்னவர்கள் அன்று தவறாகவும் சொல்லவில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் 3 ஜிபி கார்டு சித்திரங்களின் தரத்தைக் குறைத்துக் குறைத்துத் தாக்குப்பிடிக்க வேண்டியதாயிற்று. என் கார்டு அதன் பிறகும் ஓடியது.

இதை யோசித்தபோதுதான் என் விசுவாசத்தின் முகவரி எனக்குத் தெரிந்தது. எட்டு ஆண்டுகள் நான் மெச்சிக்கொண்டிருந்தது பெட்டியில் இருந்த என்விடியாவின் பச்சை நிறத்தை என்று நினைத்திருந்தேன். உண்மையில் மெச்சியது அந்த 6 ஜிபியை. 2016-இல் அந்தத் தாராளத்தை என்விடியா காட்டியது. 2025-இல், 5070-இன் விலைக்கே, அதைக் காட்டியது ஏஎம்டி.

விளையாட்டுகளின் நினைவகப் பசி கன்சோல்களை ஒட்டியே வளர்கிறது என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் இருப்பது 16 ஜிபி பொது நினைவகம். அதில் ஒரு பங்கு இயங்குதளத்துக்குப் போனாலும், அவற்றை மனத்தில் வைத்தே இன்றைய பெரிய விளையாட்டுகள் உருவாகின்றன. அடுத்த தலைமுறைக் கன்சோலில் இந்த அளவு கூடுமே தவிரக் குறையும் என்று நான் நம்பவில்லை. போதாததற்கு, 5070-இன் பலமாகச் சொல்லப்படும் பாத் டிரேசிங்கும் ஃப்ரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் உத்தியும் தாமே நினைவகத்தைக் கூடுதலாகத் தின்பவை.

கைவிட்டதையும் சொல்ல வேண்டும். குறைந்த அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் உத்தியில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 2018-இலிருந்து வளர்ந்து வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான விளையாட்டுகளில் இருக்கிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 தரத்தில் அதை நெருங்கிவிட்டது என்றாலும், 2025 மார்ச்சில் இந்தக் கார்டுகளோடு வந்தபோது அதை ஏற்ற விளையாட்டுகள் முப்பதைச் சற்றே தாண்டின. இது உண்மையான குறை. ஆனால் ஆர்டிஎக்ஸ் வரிசைக்கு முந்தைய 1060-இல் டிஎல்எஸ்எஸ் ஓடவே ஓடாது என்பதால், நான் ஒருபோதும் அனுபவிக்காத வசதியை இழப்பதைப் பற்றித்தான் இரண்டு வாரம் கவலைப்பட்டேன். ஆர்டிஎக்ஸ் கார்டிலிருந்து மாறுபவருக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கும். பிளெண்டரிலோ செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களிலோ பிழைப்பு நடத்துபவர், அந்த மென்பொருள்களின் கணக்குகளைக் கார்டில் ஓட்ட உதவும் கூடா (CUDA) வசதிக்காக யோசிக்காமல் என்விடியாவை வாங்கலாம். அந்தத் துறையில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் ஆதரவில் என் வாதம் வலுவிழக்கிறது. 2016-இன் 1060 வரிசைக்கு 2025 அக்டோபர் வரை விளையாட்டு டிரைவர்களைத் தருவதாகவும், அதன் பிறகு 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்களைத் தருவதாகவும் என்விடியா அறிவித்தது. ஒன்பது ஆண்டுகள் என்பது சாதாரணமல்ல. அதே 2025 அக்டோபரில் ஏஎம்டி, 2020-இல் தொடங்கிய ஆர்எக்ஸ் 6000 வரிசையைத் திருத்தங்கள் மட்டுமே முக்கியமாக வரும் பராமரிப்புக் கிளைக்கு மாற்றுவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் புதிய விளையாட்டுகளுக்கான ஆதரவு தொடரும் என்று விளக்கம் கொடுத்தது. நான் வாங்கிய சில மாதங்களில் வந்த இந்தச் செய்தி முன்னமே வந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் யோசித்திருப்பேன். 2030-இல் 16 ஜிபி இருந்தும் டிரைவர் இல்லாமல் போனால் என் கணக்கு முழுவதும் தவறு.

மறுவிற்பனையிலும் என்விடியா கார்டு வேகமாகக் கைமாறும் என்பதை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கேட்கலாம். வாங்குபவர் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வருகிறார். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விற்று மாற்றும் பழக்கம் உள்ளவர் 5070-ஐ வாங்குவதே லாபம். வாரண்டியைப் பொறுத்தவரை இரண்டு கட்சியும் கிடையாது: சில்லு ஒருவருடையது, கார்டைச் செய்து பெட்டியில் போட்டு விற்பவர் இன்னொருவர், பழுதானால் நாம் நிற்பது மூன்றாமவரான விநியோகஸ்தரின் சேவை மையத்தில். என்விடியா கார்டுகளுக்குப் பேர்போன இவிஜிஏ நிறுவனம் 2022-இல் இந்தத் தொழிலையே விட்டு விலகியபோது அதன் ரசிகர்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். பில்லில் சீரியல் எண் இருக்கிறதா, நம் ஊரில் சேவை மையம் இருக்கிறதா என்று பார்ப்பது நிறத்தைப் பார்ப்பதைவிடப் பயன்படும்.

மாற்றும் வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய டிரைவரை சேஃப் மோடில் முழுவதும் துடைத்துவிட்டுத்தான் புதியதை நிறுவினேன். அதைச் செய்யாமல் கார்டை மட்டும் மாற்றிவிட்டுப் புதிய நிறுவனத்தைத் திட்டுபவர்கள் அதிகம். என் மானிட்டர், கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையைப் புதுப்பிக்கும் பொதுவான அடாப்டிவ் சிங்க் வகை என்பதால் அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. விஆர் கருவியோடு இந்தக் கார்டை ஓட்டிப் பார்த்ததில்லை. சென்னையின் முழுக் கோடையையும் இது இன்னும் பார்க்கவில்லை. ஏசி இல்லாத அறையில் மே மாதம் விசிறி எவ்வளவு சத்தம் போடும் என்பது அப்போதுதான் தெரியும். ஜிடிஎக்ஸ் 1060 இப்போது அக்கா மகனின் கணினியில் 1080 திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவனிடம் யாராவது எந்தக் கார்டு வாங்கலாம் என்று கேட்டால் என்விடியா என்றுதான் சொல்கிறான்.