முற்றிய கிளெமாட்டிஸ் கொடியிலிருந்து புதுக் கன்று: பதியமா, துண்டா, வேர்ப் பிரிப்பா?

ஏற்காட்டு வீட்டுத் தோட்டத்தில் வேலி முழுக்கப் படர்ந்து நிற்கும் பழைய கிளெமாட்டிஸ் பூங்கொடியைப் பெருக்க மூன்று வழிகள் உண்டு. விதையை விட்டுவிடலாம். கலப்பின ரகத்தின் விதை தாய்ப்பூவை அப்படியே தராது, முளைக்கவும் பல மாதம் இழுக்கும்.

இரண்டு மூன்று கன்று போதும் என்பவர்களுக்குப் பதியம்தான் சரி, அதாவது கொடியைத் தாயிலிருந்து வெட்டாமலே மண்ணில் புதைத்து வேர் விடவைப்பது. வேர் பிடிக்கும்வரை தாய்க்கொடியே ஊட்டுகிறது என்பதால் இழப்பு மிகக் குறைவு. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் நல்ல நேரம். பட்டை நார் நாராக உரியும் முதுகொடி வேண்டாம், அது எளிதில் வேர் விடாது. போன வருடம் வளர்ந்த, வழவழப்பான பழுப்புக் கொடியை எடுங்கள். கிளெமாட்டிஸ் கொடி கணுவில் படக்கென்று ஒடியும். காலையில் நீர் ஏறி விறைப்பாக இருக்கும்போது வளைக்காமல், பிற்பகலில் மெதுவாக வளையுங்கள்.

கணுவுக்குச் சற்றுக் கீழே 2 முதல் 3 செ.மீ. நீளத்துக்குச் சாய்வாக, தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்வரை கீறி, வெட்டு மூடிக்கொள்ளாதபடி தீக்குச்சித் துண்டைச் செருகி, வேர் ஊக்கித் தூள் தடவுங்கள். பக்கத்தில் ஒரு தொட்டியை மண்ணில் புதைத்து, அதில் கணுவை 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் வைத்து, வளைத்த கம்பியால் அழுத்தி, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனியைக் குச்சியில் கட்டிவிடுங்கள். கொடி நீளமாக இருந்தால் பாம்பு நெளிவதுபோல் ஏற்றி இறக்கி, ஒரே கொடியில் மூன்று கணுக்களைப் புதைக்கலாம்.

9 முதல் 12 மாதம் ஆகும். வேர் வந்ததா என்று இழுத்துப் பார்ப்பதுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது. புதைத்த இடத்திலிருந்து புதுத் துளிர் வந்தால் அதுவே அடையாளம். தாயோடு உள்ள இணைப்பை வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வாரம் அங்கேயே விட்டபின் தொட்டியோடு எடுங்கள்.

இருபது முப்பது கன்று வேண்டுமென்றால் துண்டுதான் வழி. கோடை மழையில் விட்ட துளிர் மே மாதம் பாதி முற்றியிருக்கும். நுனி அழுகும், அடி கட்டைபோல் முற்றியிருக்கும், ஆகவே நடுப்பகுதியே உதவும். மற்ற செடிகளைப்போல் கணுவுக்குக் கீழே வெட்டத் தேவையில்லை. இலை ஜோடிக்கு ஒட்டி மேலேயும், 5 செ.மீ. கீழேயும் வெட்டி, ஓர் இலையைக் கிள்ளிவிடுங்கள். மணலும் தென்னை நார்க்கழிவும் சம அளவு கலந்து, இலையடியில் உள்ள துளிர்மொட்டு மண்மட்டத்தில் நிற்கும்படி செருகி, பாலித்தீன் கவரால் மூடுங்கள். 4 முதல் 6 வாரத்தில் வேர் வரும். மலையின் மூடுபனி நாட்களில் மூடியே வைத்தால் பூஞ்சை பிடித்து மொத்தமும் கறுத்துவிடும். தினமும் சற்றுநேரம் திறந்துவிட வேண்டும்.

வேர்ப் பிரிப்பை, வீடு மாறும் கட்டாயம் வந்தால் மட்டும் யோசியுங்கள். பழைய கொடியின் வேர் முறுக்கிய கயிறுபோல் பின்னிக்கிடக்கும். பிரிக்கும்போது தாயும் சேர்ந்து போகும் அபாயம் உண்டு.

எந்த வழியில் வந்த கன்றானாலும், தொட்டியில் இருந்ததைவிட 5 முதல் 7 செ.மீ. ஆழமாக நடுங்கள். வாடல் நோய் மேல்கொடியைக் கொன்றாலும் புதைந்த கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடிக்கு நிழல் வேண்டும். நன்றாக மட்கிய காபித் தோலை மூடாக்காகப் போடலாம், மட்காதது சூடேறித் தண்டைக் கருக்கும். கொடியின் சாறு தோலில் எரிச்சல் தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சேலத்து உறவினருக்குக் கன்று கொடுப்பதாக இருந்தால், வெயில் தணிந்து வடகிழக்கு மழை வந்தபின் கொடுங்கள்.